உஷார்! கறுப்புத் திரை இரண்டாம் முறை கேட்காது

‘நான் ரோபோ இல்லை’ என்று டிக் அடிக்கச் சொல்லும் சின்னப் பெட்டி எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. படிக்காமலேயே கை போய் அடித்துவிடும். அந்தப் பழக்கத்தின் மேல்தான் திருடர்கள் இப்போது கை வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு தளத்துக்குள் போகிறீர்கள். சினிமா டவுன்லோடு தளமாக இருக்கலாம், பி.டி.எஃப்.பை வேர்டாக மாற்றித் தரும் இலவசத் தளமாக இருக்கலாம், யாரோ உள்ளே புகுந்து கெடுத்து வைத்த நல்ல தளமாகவும் இருக்கலாம். டிக் அடித்தவுடன் ‘சரிபார்க்க இன்னும் மூன்று படிகள்’ என்று வரும். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். கன்ட்ரோலையும் வி எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். என்டர் தட்டுங்கள்.

தட்டினால் போச்சு.

நீங்கள் டிக் அடித்த அந்த நொடியிலேயே, அந்தப் பக்கம் நீளமான ஒரு பவர்ஷெல் கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் போட்டு வைத்துவிட்டது. முதல் படி ‘ரன்’ பெட்டியைத் திறக்கிறது. இரண்டாவது படி அந்தக் கட்டளையை ஒட்டுகிறது. மூன்றாவது படியில் அது ஓடுகிறது. ரன் பெட்டி சிறியது என்பதால் ஒட்டியதன் கடைசித் துண்டு மட்டும்தான் கண்ணில் படும். அந்தத் துண்டில் ‘சரிபார்ப்பு எண் இன்னது’ என்ற ரீதியில் எதையாவது எழுதி வைத்திருப்பார்கள். கண்ணில் படாத முன்பகுதி எங்கிருந்தோ திருட்டு மென்பொருளை இறக்கி உங்கள் கணினியில் ஓடவிடும். கணினிப் பாதுகாப்புத் துறையினர் இந்த வேலைக்கு ‘கிளிக்ஃபிக்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2024-ல் தலைகாட்டி வேகமாகப் பரவியது. மேக் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். அவர்களிடம் டெர்மினலைத் திறந்து ஒட்டச் சொல்லும் பதிப்பும் உலவுகிறது.

இப்படி உள்ளே வருபவற்றில் பேர்போனது ‘லும்மா’. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், குக்கிகள், கிரிப்டோ பணப்பை என அனைத்தையும் வழித்துக்கொண்டு போய்விடும். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் நீதிமன்ற உத்தரவோடு இதன் சுமார் 2,300 இணைய முகவரிகளை முடக்கியது. அதற்கு முந்தைய இரண்டே மாதங்களில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இது புகுந்திருப்பதைக் கண்டதாகவும் சொன்னது. ‘எனக்குத்தான் ஓ.டி.பி. வருமே’ என்ற நிம்மதியும் இங்கே செல்லாது. நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கு அத்தாட்சியாக இருக்கும் குக்கியே களவு போகும்போது, ஓ.டி.பி. கேட்கும் இடமே பல தளங்களில் வராது. ஆன்டிவைரஸையும் ஒரேயடியாக நம்ப முடியாது. கட்டளையை ஓட்டியது உரிமையாளரின் கை, ஓடியது விண்டோஸுடனேயே வரும் பவர்ஷெல். ஆன்டிவைரஸ் சந்தேகப்படத் தயங்கும் கூட்டணி இது.

ஆகவே ஒரு விஷயத்தைக் கல்லில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மனிதர்தானா என்று பார்ப்பதற்காக ரன் பெட்டியையோ டெர்மினலையோ திறக்கச் சொல்லும் நேர்மையான தளம் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஏற்கெனவே ஒட்டி என்டர் தட்டிவிட்டவர்கள் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு கணினியிலோ போனிலோ இருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு இதை மறப்பவர்கள்தான் அதிகம். அடுத்து வங்கிக் கணக்குகள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். பாதிக்கப்பட்ட கணினியில் விண்டோஸைப் புதிதாகப் போடாமல் மறுபடியும் வங்கி வேலை பார்க்காதீர்கள்.

திருடன் கதை இருக்கட்டும். திருடனே இல்லாமல், நம் கையாலேயே நம் வீட்டைக் காலி செய்துகொள்ளும் வசதியும் கட்டளைகளைத் தட்டும் அந்தக் கறுப்புத் திரையில் தாராளமாக உண்டு. கமாண்ட் லைனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆயிரம் போட்டோக்களின் பெயரை மாற்றவும், ஹார்டு டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று கண்டுபிடிக்கவும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் மவுஸோடு பழகியவர்கள் அங்கேயும் அதே பாதுகாப்பை எதிர்பார்த்துப் போகிறார்கள். அங்கே அது இல்லை.

இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது கட்டளைகளைத் தட்ட இன்றைய மாதிரித் திரை இல்லை. டெலிடைப் என்ற தட்டச்சு எந்திரம்தான். புகழ்பெற்ற மாடல் 33 விநாடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். அதில் நீளமாகத் தட்டவும் பொறுமை இருக்காது, எந்திரம் வளவளவென்று பேசினாலும் பேப்பர்தான் வீண். அதனால் கட்டளைகள் இரண்டெழுத்தில் சுருங்கின. வேலை முடிந்தால் எதுவும் சொல்லாமல் இருப்பது மரியாதை என்றானது. அரை நூற்றாண்டு கழித்து, அதே மௌனம்தான் உங்கள் லேப்டாப்பிலும் இருக்கிறது. குடும்ப ஆல்பம் முழுவதையும் அழித்து முடித்த பிறகும் அந்தத் திரை காட்டுவது வெறும் ஒரு காலி வரியைத்தான்.

லினக்ஸிலும் மேக்கிலும் ‘ஆர்எம்’ என்று அடித்து அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் ‘டெல்’ கட்டளையும் அப்படியே. ‘ஆர்எம்’முக்குப் பின்னால் ‘ஆர்எஃப்’ என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் ஃபோல்டரை அதன் உள்ளடுக்குகளோடு, எதற்கும் அனுமதி கேட்காமல் துடைத்துவிடும். இந்த இரண்டு எழுத்தின் வரிசையை மாற்றிப் போட்டு, ‘இது கணினியிலிருந்து பிரெஞ்சு மொழியை நீக்கும் கட்டளை, போட்டால் இடம் மிச்சமாகும்’ என்று புதியவர்களிடம் சொல்லி வேடிக்கை பார்ப்பது இணையத்தில் பல வருடங்களாக நடக்கும் கேலி. கேலி செய்தவருக்குச் சிரிப்பு, நம்பியவருக்குக் கல்லூரி ப்ராஜெக்ட் காலி. ஓர் எழுத்துகூட இல்லாமல் கோலனும் அடைப்புக்குறிகளுமாக இன்னொரு வரியும் சுற்றுகிறது. அது தன்னைத்தானே பிரதி எடுத்துப் பெருகிக் கணினியை உறைய வைக்கும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்பதால் அதை மன்னித்துவிடலாம்.

‘இப்போதெல்லாம் எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே இருக்கும் ரூட்டையே அழிக்கச் சொன்னால் லினக்ஸ் மறுத்துவிடுமே’ என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ரூட்டைக் குறிக்கும் சாய்கோட்டை மட்டும் கொடுத்தால் மறுக்கும். சாய்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியையும் சேர்த்துவிட்டால் மறுக்காது. நட்சத்திரத்தை ஃபோல்டர் பெயர்களாக விரித்துக் கொடுப்பது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் வேலை. விரித்த பிறகு ‘ஆர்எம்’முக்குத் தெரிவது ஒரு பெயர்ப்பட்டியல் மட்டுமே, ரூட் என்ற ஒன்று அதன் கண்ணில் படுவதே இல்லை.

பெரிய விபத்துகளைப் பார்த்தால் பலவற்றுக்கும் காரணம் அறியாமை கிடையாது. ஓர் இடைவெளிதான். 2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0-வை நிறுவியவர்களில் சிலருடைய ஹார்டு டிஸ்க் காலியானது. டிஸ்க்கின் பெயரில் இடைவெளி இருந்தால் நிறுவும் ஸ்கிரிப்ட் பெயரைப் பாதியில் வெட்டிவிட்டு, தப்பான இடத்தைத் துடைத்தது. ஒரு ஜோடி மேற்கோள் குறி போட்டிருந்தால் நடந்திருக்காது. பாட்டு கேட்க ஆசைப்பட்டதற்கு இந்தத் தண்டனை. 2011-ல் ‘பம்பிள்பீ’ என்ற லினக்ஸ் கிராஃபிக்ஸ் மென்பொருளின் ஸ்கிரிப்டில் ‘யூஎஸ்ஆர்’ என்ற ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்பேஸ் தவறி விழுந்துவிட்டது. உள்ளே எங்கோ இருக்கும் ஒரு சின்ன ஃபோல்டரை அழிக்க வேண்டிய வரி, லினக்ஸின் பெரும்பாலான மென்பொருள்கள் குடியிருக்கும் யூஎஸ்ஆரையே அழித்தது. அந்தத் தவறைச் சரிசெய்த திருத்தத்தின் இணையப் பக்கத்தில் உலகம் முழுவதிலிருந்தும் வந்து கும்மியடித்தார்கள்.

2015 ஜனவரியில் வெளிவந்த ஸ்டீம் விவகாரம் இன்னும் விபரீதமானது. லினக்ஸில் கேம் விளையாடுவதற்கான ஸ்டீம் மென்பொருளின் ஸ்கிரிப்ட், தன்னுடைய ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. ஒருவர் ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தியிருந்தார். மாறி காலியானது. ‘இன்ன ஃபோல்டருக்குள் எல்லாம்’ என்ற வரி ‘ரூட்டுக்குள் எல்லாம்’ என்று மாறிவிட்டது. அவருடைய கோப்புகள் அத்தனையும் போயின, பேக்கப்புக்காகச் செருகி வைத்திருந்த வெளி டிஸ்க்கில் இருந்தவையும் சேர்த்து. அந்த வரிக்கு மேலேயே, எழுதியவர் ‘பயமாக இருக்கிறது’ என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பு போட்டிருந்தார். பயந்தவர் ஒரு சோதனை வரியும் சேர்த்திருக்கலாம். உங்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் பழக்கம் இருந்தால், அழிக்கும் வரி எதிலும் மாறி காலியாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும்படி எழுதுங்கள். பேஷ் ஷெல்லில் அதற்கு ஒரு கோலனும் ஒரு கேள்விக்குறியும் போதும்.

அழிக்கும் கட்டளை என்றால் ஆர்எம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தமே போடாமல் அழிப்பவை வேறு. ‘எம்வி’ இடம் மாற்றும் கட்டளை. போகும் இடத்தில் அதே பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் அதை மேலெழுதிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். ஒரு பட்டியலை அகரவரிசைப்படுத்தி ‘>’ குறியால் அதே ஃபைலுக்குள் திருப்பி அனுப்பினால், முடிவில் ஃபைல் காலி. ஏனென்றால் வரிசைப்படுத்தும் வேலை தொடங்கும் முன்பே ஷெல் அந்த ஃபைலைத் திறந்து துடைத்து வைத்துவிடும். பல ஃபைல்களை ஒரே கட்டாகக் கட்டும் ‘டார்’ கட்டளையில் புதிய கட்டுக்குப் பெயர் கொடுக்க மறந்து நேராக ஃபைல்களைக் கொடுத்தால், முதல் ஃபைலின் மேலேயே கட்டைக் கட்டிவிடும். எனக்கு இருப்பதிலேயே அதிகக் கோபம் ‘கிரான்டேப்’ மீதுதான். தானாக ஓடும் வேலைகளின் பட்டியலைத் திருத்த ‘ஈ’ என்ற எழுத்து, பட்டியல் முழுவதையும் அழிக்க ‘ஆர்’ என்ற எழுத்து. இரண்டும் கீபோர்டில் ஒட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. விரல் ஓர் இம்மி நகர்ந்தால் பட்டியல் அழிந்துவிடும், ஒரு வார்த்தை கேட்காது. இப்படி வைத்த புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு.

அலுவலகங்களில் பேக்கப் எடுக்கிறேன் பேர்வழி என்று ‘ஆர்சிங்க்’கையும் விண்டோஸில் ‘ரோபோகாப்பி’யையும் ஓடவிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆர்சிங்க்கின் ‘டெலீட்’ விருப்பமும் ரோபோகாப்பியின் ‘மிர்’ விருப்பமும் ஒரே காரியத்தைச் செய்பவை. மூலத்தில் இல்லாதது சேருமிடத்திலும் இருக்கக் கூடாது என்று அழிக்கும். இரண்டு முகவரிகளை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால், புதிதாக வாங்கிய காலி டிஸ்க் ‘மூலம்’ ஆகிவிடும், ஐந்து வருடக் கணக்கு வழக்கு அந்தக் காலியைப் பார்த்துக் காலியாகும். ஆர்சிங்க்கில் ‘டிரை ரன்’ என்றும் ரோபோகாப்பியில் ‘எல்’ என்றும் ஒத்திகை விருப்பம் இருக்கிறது. எதையும் தொடாமல், என்ன செய்யப் போகிறேன் என்று பட்டியல் மட்டும் போடும். அதைப் போட்டுப் பார்க்காமல் நிஜமான ஓட்டத்தைத் தொடங்குவது அசட்டுத் துணிச்சல்.

டிஸ்க்கையே கையாளும் கட்டளைகள் இதைவிடக் கொடூரம். ‘பென்டிரைவ் ஃபார்மேட் ஆகவில்லையா? இரண்டே நிமிடத்தில் சரிசெய்யலாம்’ என்ற வகை வீடியோக்களை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். ‘டிஸ்க்பார்ட்’ திறந்து, டிஸ்க் 1 என்று தேர்ந்தெடுத்து, ‘கிளீன்’ என்று அடிக்கச் சொல்வார்கள். வீடியோக்காரரின் கணினியில் டிஸ்க் 1 பென்டிரைவாக இருந்திருக்கும். உங்கள் கணினியில் இரண்டு ஹார்டு டிஸ்க் இருந்தால், அதே எண் உங்கள் இரண்டாவது ஹார்டு டிஸ்க்காக இருக்கக்கூடும். ‘கிளீன்’ எதையும் உறுதிப்படுத்திக் கேட்பதில்லை. லினக்ஸில் ‘டிடி’ கட்டளையும் இதே ஜாதி. பழைய லேப்டாப்புகளில் உள் டிஸ்க்கின் பெயர் ‘எஸ்டிஏ’, பென்டிரைவ் செருகினால் ‘எஸ்டிபி’. புதிய லேப்டாப்புகளின் உள் டிஸ்க்குக்கு ‘என்விஎம்இ’ என்று தொடங்கும் வேறு பெயர் இருப்பதால் பென்டிரைவே ‘எஸ்டிஏ’ ஆகிவிடுகிறது. புது லேப்டாப்காரர் எழுதிய குறிப்பைப் பழைய லேப்டாப்பில் அப்படியே அடித்தால், பென்டிரைவில் எழுத வேண்டியது லினக்ஸ் உட்கார்ந்திருக்கும் டிஸ்க்கின் மேலேயே எழுதப்படும். தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸ் வழியாக டெர்மினலை முதன்முதலாகப் பார்த்த மாணவர்கள் ஏராளம். அந்தப் பழைய லேப்டாப்புகள் இன்னும் வீடுகளில் தம்பி, தங்கைகள் கையில் இருக்கின்றன. அவர்களுக்குச் சொல்லுங்கள்: பெயரை நம்பாதே, அளவைப் பார். 16 ஜிபி பென்டிரைவுக்கும் 500 ஜிபி டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசத்தை ‘எல்எஸ்பிஎல்கே’ என்ற கட்டளை ஒரே வரியில் காட்டிவிடும்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கென்று தனியாக ஒரு பொறி உண்டு. இதை யாரும் எச்சரித்து நான் படித்ததில்லை. டெர்மினல்கள் பலவற்றில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகத் தெரியும். அது பார்வைக் கோளாறுதான். நிஜமான ஆபத்து வேறு. ‘பொங்கல்’ என்ற சொல்லில் உள்ள ‘பொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஃபைல்களும் புதிதாகத் தட்டியவையும் கலந்திருந்தால், ஒரே ஃபோல்டருக்குள் இரண்டு ‘பொங்கல்’ சாவகாசமாக இருக்கும். ‘டூப்ளிகேட் ஆகிவிட்டதோ’ என்று ஒன்றை அழிப்பீர்கள். போனது சென்ற வருடப் பொங்கல் படங்களா, அதற்கு முந்தைய வருடத்தவையா என்று அழித்த பிறகுதான் தெரியும். தமிழ்ப் பெயர்களைக் கையால் தட்டாதீர்கள். டேப் கீயை அழுத்தி நிரப்பிக்கொள்ளுங்கள், உள்ளே போய் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு அழியுங்கள்.

சரி, ரூட் எனும் நிர்வாகி அதிகாரம் தரும் ‘சுடோ’வை நான் போட்டால்தானே பெரிய நாசம், அதற்குப் பாஸ்வேர்டு கேட்குமே என்பீர்கள். ஒருமுறை கேட்கும். உபுண்டுவில் அதற்குப் பிறகு 15 நிமிடங்களுக்கு அந்த ஜன்னலில் கேட்காது. அந்தக் கால் மணி நேரத்தில் எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டும் எந்த வரிக்கும் ரூட் அதிகாரம் கைமேல் கிடைக்கும். இணையப் பக்கத்தில் நீங்கள் காப்பி செய்தது ஒன்று, கிளிப்போர்டுக்கு வந்தது வேறொன்று என்று செய்வதும் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்குச் சில வரி வேலை. கடைசியில் ஒரு என்டரையும் சேர்த்து வைத்திருந்தால், சில பழைய டெர்மினல்களில் ஒட்டியவுடனேயே ஓடிவிடும். முதலில் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ‘பர்மிஷன் இல்லை’ என்று வந்த எரிச்சலில், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777-ஐ எல்லாவற்றுக்கும் போடச் சொல்லும் யோசனையும் ஆபத்தானதுதான். அதை ரூட்டிலிருந்து அடுக்கடுக்காகப் போட்டால், கடைசியில் சுடோவே வேலை செய்ய மறுத்துவிடும். சரிசெய்ய சுடோ வேண்டும், சுடோவைச் சரிசெய்ய சுடோ வேண்டும்.

எப்போதாவது திரை நம்மிடம் கேட்கவும் செய்யும். அப்போது நாம் படிப்பதில்லை. 2021-ல் பிரபல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓ.எஸ். என்ற லினக்ஸில் ஸ்டீமை நிறுவப் போனார். மென்பொருள் பொதிகளுக்கிடையே இருந்த ஒரு கோளாறால், டெஸ்க்டாப்பையே நீக்கப் போகிறேன் என்று கணினி பட்டியல் போட்டு எச்சரித்தது. தொடர வேண்டுமானால் ‘ஆமாம், நான் சொன்னபடி செய்’ என்ற முழு வாக்கியத்தையும் தட்டச் சொன்னது. தட்டினார். டெஸ்க்டாப் போய்விட்டது. கணினியே தொழிலாக உள்ளவர், கேமரா முன்னால். கோளாறு மென்பொருளுடையது என்று அவருக்காக வாதாடலாம், நானும் பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச் சொல்லும்போது மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஏறிப் பார்க்க வேண்டாமா?

இப்போது தட்டுவதையும் நாம் செய்யத் தேவையில்லை, ஏ.ஐ. தட்டித் தருகிறது. 2025 ஜூலையில் கூகுளின் ஜெமினி சி.எல்.ஐ.யிடம் ஒருவர், ஃபைல்களைப் புதிய ஃபோல்டருக்கு மாற்றச் சொன்னார். ஃபோல்டர் உருவாக்கும் கட்டளை தோற்றது. உருவாகிவிட்டதாக ஏ.ஐ. எடுத்துக்கொண்டது. இல்லாத ஃபோல்டருக்கு ஒவ்வொரு ஃபைலாக நகர்த்தும்போது விண்டோஸ் அதைப் பெயர் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே பெயரின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசி ஃபைல் மட்டும் மிஞ்சும். அதே மாதம் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏ.ஐ., எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லி வைத்திருந்த காலத்திலேயே ஒரு தொழில்முனைவோரின் நிஜ டேட்டாபேஸை அழித்தது. நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஏ.ஐ.யிடம் டெர்மினலைக் கொடுப்பதாக இருந்தால், பிரதி எடுத்த ஒரு ஃபோல்டரை மட்டும் கொடுங்கள். ‘இனி கேட்காமலே ஓட்டு’ என்ற பொத்தானை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

‘எல்லாம் தெரிந்தவர்களுக்கு இது நடக்காது’ என்று நினைப்பவர்களுக்காகவே கிட்லேப் கதை. 2017 ஜனவரி 31, இரவு. உலகம் முழுவதும் உள்ள புரோகிராமர்களின் நிரல்களை வைத்துக் காக்கும் அந்த நிறுவனத்தில், இரண்டாம் டேட்டாபேஸ் சர்வர் முதல் சர்வரோடு ஒத்துப்போகாமல் மக்கர் செய்துகொண்டிருந்தது. நெடுநேரமாகப் போராடிக்கொண்டிருந்த பொறியாளர், இரண்டாம் சர்வரின் டேட்டா ஃபோல்டரைக் காலி செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று ஆர்எம் போட்டார். ஓரிரு விநாடியில் புரிந்தது, போட்டது முதல் சர்வரில். நிறுத்தினார். 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்புக்குப் போனால் அங்கே கூத்து. ஐந்து வகை ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. அன்றாட பேக்கப், பழைய பதிப்பு மென்பொருளை வைத்து எடுக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறொரு வேலைக்காக அதே பொறியாளர் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு பிரதிதான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தின் சுமார் 5,000 ப்ராஜெக்டுகளும் 700 புதிய கணக்குகளும் போனது போனதுதான். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், நடந்ததை ஒளிக்காமல் எழுதினார்கள். அதற்காக அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு மரியாதை. எந்த சர்வரில் நிற்கிறோம் என்று ஒரே பார்வையில் தெரியும்படி ப்ராம்ப்டை மாற்றுவதும் பிறகு அவர்கள் போட்ட திருத்தங்களில் ஒன்று. நிஜ சர்வருக்குச் சிவப்பு ப்ராம்ப்ட் வைப்பது ஐந்து நிமிட வேலை. ஒன்றுக்கு மேற்பட்ட கணினியைப் பார்த்துக்கொள்ளும் எவரும் இதை இன்றே செய்துவிடலாம். அந்தச் சம்பவத்துக்கு நான்கு வாரம் கழித்து அமேசானிலும் ஒரு கட்டளையில் தவறான உள்ளீடு விழுந்து, நினைத்ததைவிட அதிக சர்வர்கள் நீக்கப்பட்டன. அமெரிக்காவில் பல தளங்கள் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தடுமாறின.

கைப்பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். எதை அழிக்கப் போகிறீர்களோ, அதே வரியை முதலில் ‘எல்எஸ்’ போட்டுப் பாருங்கள். திரையில் வரும் பட்டியல்தான் சாகப் போகும் பட்டியல். சரியாக இருந்தால், மேல் அம்புக்குறியை அழுத்தி முதல் இரண்டு எழுத்தை மட்டும் மாற்றுங்கள். அழிக்காமல் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும் ‘ட்ராஷ்’ கட்டளைகள் லினக்ஸில் இருக்கின்றன, வீட்டுக் கணினிக்கு அவையே போதும். ஆர்எம்முக்கு எப்போதும் கேள்வி கேட்கும் விருப்பத்தைப் பூட்டி வைக்கச் சொல்லும் யோசனை எனக்குப் பிடிக்காது. பூட்டில் பழகிய கை, பூட்டில்லாத கணினிக்குப் போகும்போது அதே தைரியத்தில் அடிக்கும்.

அதையும் மீறி அழித்துவிட்டீர்கள் என்றால், அந்த டிஸ்க்கில் இனி ஒரு எழுத்தும் எழுதப்படக் கூடாது. மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் டவுன்லோடு செய்வது, மீட்க நினைப்பதன் மேலேயே மண்ணைப் போடுவது. அழிந்த ஃபைலை ஏதாவது மென்பொருள் திறந்து வைத்திருந்தால் அதை மூடாதீர்கள். லினக்ஸில் அது திறந்திருக்கும்வரை உள்ளடக்கம் உயிரோடு இருக்கும், விவரம் தெரிந்தவர் எடுத்துத் தருவார். இல்லையென்றால் கணினியை அணைத்துவிட்டு, வேறொரு பென்டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, ‘ஃபோட்டோரெக்’ போன்ற இலவசக் கருவியை ஓடவிட்டு, கிடைப்பதை இன்னொரு டிஸ்க்கில் சேமியுங்கள். பழைய சுழலும் டிஸ்க்கில் நம்பிக்கை உண்டு. எஸ்.எஸ்.டி.யில் குறைவு. அழித்த இடங்களை ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு தானாகவே துடைத்துக்கொண்டிருக்கும்.

மிஞ்சுவது பேக்கப்தான். 1998-ல் பிக்ஸாரில் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் படத்தின் கோப்புகள் இருந்த இடத்தில் ஆர்எம் போட்டுவிட, பாத்திரங்கள் திரையிலிருந்து ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. பேக்கப் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியில்லை. பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சுஸ்மனின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வை சுற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருடம் படம் வெளியானது.

பிக்ஸாருக்கும் கிட்லேப்புக்கும் பேக்கப் இல்லாமல் இல்லை. திறந்து பார்த்தவர்தான் இல்லை. உங்களிடம் வெளி டிஸ்க்கில் பேக்கப் இருக்கும், ஆனால் கடைசியாக அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துப் பார்த்தது எப்போது? இன்று இரவே அந்த டிஸ்க்கைச் செருகுங்கள். ஏதாவது ஒரு போட்டோ, ஒரு கணக்கு ஃபைல் எடுத்துத் திறந்து பாருங்கள். பிறகு டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ஸ்டீமுக்குப் பறிகொடுத்தவரின் கதிதான். அது திறக்கிறதா என்று தெரியும்வரை, எதையும் அழிக்கும் எந்தக் கட்டளையையும் டெர்மினலில் தட்டாதீர்கள்.